ஹஸன் பத்ஹியும் குர்ணாக் குடியானவரும்

கட்டடக் கலையின் வரலாறு என்று நமது பாடசாலைகளிற் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் கோயில்களின் வரலாறாகவும் மாளிகைகளின் வரலாறாகவுமே இருக்கின்றது. பிரமிட்டுகளின் உயரத்தை அடிபிசகாது ஒப்புவிக்கும் மாணவன், அவற்றை எழுப்பிய உழைப்பாளர் இரவில் எத்தகைய கூரையின் கீழ் உறங்கினர் என்பதை அறியான். அதனை அவனிடம் எவரும் கேட்பதுமில்லை.

அந்த எகிப்திலே, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஏழைக் குடியானவருக்கு வீடமைப்பதையே தமது வாழ்நாட் பணியாக வரித்துக்கொண்ட கட்டடக் கலைஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஹஸன் பத்ஹி. உள்ளூர் மண்ணைக் கொண்டு, உள்ளூர் மக்களின் கைத்திறனைக் கொண்டு, இயந்திரக் குளிரூட்டலின்றி வெயிலை வெல்லும் வீடுகளை அமைத்தவர் என்று உலகக் கட்டடக் கலை நூல்கள் இன்று அவரைப் போற்றுகின்றன. அப்போற்றுதல் தகுதியற்றதன்று. ஆயின், அவர் புகழுக்குக் காரணமான கிராமத்தில், அது யாருக்காகக் கட்டப்பட்டதோ அம்மக்கள் குடிபுக மறுத்தனர் என்பதும் உண்மை. பாமர மக்களின் அறியாமை என்று இதனை ஒரு வரியில் ஒதுக்கிவிடுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மறுத்தவர்களிடமும் நியாயம் இருந்தது; அந்நியாயத்தை விளங்கிக்கொள்ளாது பத்ஹியின் பணியை மதிப்பிடுதல் இயலாது.

பத்ஹி 1900 ஆம் ஆண்டு அலெக்சாந்திரியாவிற் பிறந்தார். நிலவுடைமைக் குடும்பம். தந்தையார் நிலத்தின் வருவாயை விரும்பினாரேயன்றி நிலத்தை விரும்பினாரல்லர். தாயாருக்கோ கிராமம் இளமைக்காலத்து இனிய நினைவு. மகன் விவசாயம் கற்க விரும்பினார். ஆனால் அக்கல்லூரியின் நுழைவுத் தேர்விலே தேறவில்லை. பயிரைக் கண்ணாற் கண்டறியாத நகரத்துச் செல்வப் பிள்ளை வேறென் செய்வான்? பின்னர் கெய்ரோவிற் கட்டடக்கலை பயின்று 1926 இற் பட்டம் பெற்றார். தமது குடும்பத்தின் பண்ணையை அவர் முதன்முதலாகக் கண்டது இருபத்தேழாம் வயதிலேதான். அங்கே உழைப்பவர்கள் வாழ்ந்த குடிசைகளின் இருளும் அழுக்கும் தாழ்ந்த கூரையும் அவரை நிலைகுலையச் செய்தன. அந்நிலைக்குத் தம் குடும்பமும் பொறுப்பாளி என்பதை அவர் பிற்காலத்தில் மறைக்காது எழுதினார். தம் வர்க்கத்தின் சோற்றை உண்டுகொண்டே அவ்வர்க்கத்தின் குற்றத்தைக் காண்பது எளிதான செயலன்று.

எகிப்தியக் குடியானவனுக்குச் சுவர் ஒரு பிரச்சினையன்று. நைல் நதி கொணரும் வண்டலும் சிறிது வைக்கோலும் இருந்தாற் போதும். மண்கல்லை அச்சிலிட்டு வெயிலிற் காயவைத்து அவனே சுவரெழுப்பிக் கொள்வான். பிரச்சினை கூரையிலேதான். எகிப்தில் மரம் அரிது. வளைக்கும் தீராந்திக்கும் வேண்டிய மரம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அதற்குப் பணம் வேண்டும். பணமில்லாதவன் சோளத்தட்டையையும் நாணலையும் பரப்பி அதன்மேல் மண்ணை அப்பிக் காலந்தள்ளுவான். இரண்டாவது உலக மகாயுத்தம் மூண்டபோது மரமும் இரும்பும் வருவது நின்றது. விலை பன்மடங்கு ஏறியது. சுவருக்குரிய அதே மண்ணினாற் கூரையையும் வளைவாக அமைத்துவிட்டால் என்ன என்று பத்ஹி சிந்திக்கலானார். கெய்ரோவுக்கு அண்மையிலுள்ள பஹ்தீமில் அவர் செய்த முதல் முயற்சிகள் இடிந்து வீழ்ந்தன. வளைவு காய்ந்து இறுகும்வரை அதனைத் தாங்கி நிற்க மரச்சட்டம் வேண்டும். மரமின்மையால் தொடங்கிய ஆராய்ச்சி மறுபடியும் மரத்திலேயே வந்து முட்டிக்கொண்டது.

அப்போது அஸ்வான் அணைக்கட்டிற் பணிபுரிந்த அவரது சகோதரர் ஒரு செய்தி கூறினார். தெற்கே நூபிய மக்கள் தாங்குசட்டம் எதுவுமின்றி மண்கல்லால் வளைவுக் கூரை இடுகின்றனர் என்பதே அது. 1941 இல் பத்ஹி அஸ்வானுக்குச் சென்றார். நகரத்தில் அவர் தேடியது கிட்டவில்லை. நதியைக் கடந்து மேற்குக் கரைக் கிராமத்தை அடைந்தபோது, தூய்மையான, உயர்ந்த, வெண்மையான வீடுகள், ஒவ்வொன்றும் வளைந்த மண்கூரையுடன், வரிசையாக நிற்கக் கண்டார். பட்டம் பெற்ற பொறியியலாளருக்கு எட்டாத தொழில்நுட்பம், எழுத்தறியாத மேசன்மாரின் விரல்நுனியில் இருந்தது.

அந்த நுட்பத்தைச் சிறிது விரித்துரைத்தல் தகும். அறையின் ஒரு முனையில் உள்ள சுவரை மற்றைச் சுவர்களிலும் உயர எழுப்புவர். அதன்மீது மேசன் ஈரமண்ணினால் ஒரு வளைகோட்டை வரைவான். அளவுகோலோ கயிறோ இன்றிக் கண்ணாலேயே வரையும் அக்கோடு, பாரம் முழுவதையும் அழுத்தமாக மாற்றி இரு பக்கச் சுவர்களுக்கும் கடத்தும் வடிவத்தை ஒத்திருக்கும். பின்பு முதல் வரிசைக் கற்கள் நேராக நிறுத்தப்படாது அம்முனைச்சுவர்மீது சாய்த்து ஒட்டப்படும். அடுத்த வரிசை அதன்மீது சாயும், அதற்கடுத்தது அதன்மீது. ஒவ்வொரு வரிசையும் முந்தியதன் தோளிற் சாய்ந்து நிற்பதால், கல் கீழே விழாது; கீழிருந்து தாங்க மரமும் வேண்டியதில்லை. இதற்கான கல் மெல்லியது. வைக்கோல் மிகுதியாகச் சேர்க்கப்பட்டமையாற் பாரம் குறைந்தது. ஈரமாக இருக்கும்போதே அதன் முகத்தில் விரலாற் கீறிய பள்ளங்கள் இருக்கும். சாந்தோடு அது பற்றிக்கொள்வது இவற்றாலேதான். மேசனுக்கு வேண்டிய கருவி ஒரு வாய்ச்சி மாத்திரமே. இருவர் சேர்ந்தால் ஓரறையின் கூரை ஓரிரு நாளில் மூடிவிடும்.

இது அவர்கள் புதிதாகக் கண்டதுமன்று. தேப்ஸ் நகரின் மேற்குக் கரையில் இரண்டாம் ராம்சேஸ் மன்னன் எழுப்பிய ஆலயத்தின் பின்புறத்தில், அதன் தானியக் களஞ்சியங்கள் இருக்கின்றன. அவற்றின் மண்கல் வளைவுகள் இதே சாய்வு முறையிற் கட்டப்பட்டு, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக நிற்கின்றன. மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகள் காத்தன. அக்கூரையிட்ட முறையைக் காத்தவர்கள் மேசன்மார். தந்தையின் பக்கத்தில் நின்று மகன் கற்றதன்றி அதற்கு வேறு ஏடு இல்லை. பத்ஹி இதனை உணர்ந்தார். தாம் ஆசிரியராகவன்றி மாணாக்கராகவே அவர்களிடம் சென்றதை அவர் ஒருபோதும் மறுத்ததில்லை. அவர்களை வடக்கே அழைத்துவந்து பணியில் அமர்த்தினார்.

மண் வீட்டை அதிகாரிகளும் பணக்காரரும் எவ்வாறு நோக்கினர் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். கெய்ரோவுக்கு அருகே ஏழைகளின் குடியிருப்பு ஒன்றைத் திடீர் வெள்ளம் அள்ளிச் சென்றது. செல்வக் குடும்பத்துப் பெண்மணிகள் நடத்திய நிவாரணச் சங்கம் புதிய வீடுகள் அமைக்க முன்வந்தபோது, பத்ஹி குறைந்த செலவில் மண்கல் வீடொன்றை மாதிரியாகக் கட்டிக் காட்டினார். அனைவரும் புகழ்ந்தனர், கட்டியதோ கொங்கிரீற்று வீடுகள். மாதிரி வீடு இடிக்கப்பட்டது. தருமஞ் செய்பவர்களுக்குத் தமது தருமம் சீமெந்தினால் ஆனதாகத் தெரியவேண்டும் போலும்!

இனி, குர்ணாவுக்கு வருவோம்.

மேலே குறிப்பிட்ட அதே தேப்ஸ் மேற்குக் கரையில், இன்றைய லக்சோர் நகருக்கு எதிரே, பண்டைய பிரபுக்களின் கல்லறைகள் குடையப்பட்ட குன்றுகளின்மீது அமைந்திருந்தது குர்ணாக் கிராமம். கல்லறைகளின் வாயிலையே முற்றமாகவும் அறையாகவும் கொண்டு மக்கள் வாழ்ந்தனர். ஏறக்குறைய ஏழாயிரம் பேர். கல்லறைத் திருடர் என்பதே அவர்களுக்கு உலகம் சூட்டிய பெயர். இப்பெயர் எவ்வாறு வந்தது என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். 1816 இல் பெல்சோனி என்பவர், பிரித்தானியத் தூதர் ஹென்றி சோல்ட்டின் பொருட்டு, ராம்சேஸ் சிலையின் மாபெருந் தலையை அவ்விடத்திலிருந்து பெயர்த்து நதிக்கரைவரை இழுப்பித்தார். அதை இழுத்தவர்கள் சொற்பக் கூலிக்கு அமர்த்தப்பட்ட உள்ளூர்க் குடியானவரே. சிலை இன்று இலண்டன் நூதனசாலையில் இருக்கின்றது; பெல்சோனி சாதனையாளராக நூல்களில் இருக்கின்றார். பிரெஞ்சுத் தூதர் துரொவெற்றியும் இவ்வாறே அள்ளினார். அரும்பொருளுக்கு விலைபேசலாம் என்று குர்ணா மக்களுக்குக் கற்பித்தவர்கள் இக்கனவான்களே. 1881 இல் அரசர்களின் பதப்படுத்திய உடல்கள் பல ஒருசேர மறைத்துவைக்கப்பட்டிருந்த இடம் வெளிப்பட்டது, அதனை முன்னரே கண்டறிந்து சிறிது சிறிதாக விற்றுவந்த குர்ணாக் குடும்பமொன்று விசாரணைக்கு ஆளானபோதுதான். வாங்கியவன் சேகரிப்பாளன், விற்றவன் திருடன். வரலாறு இவ்விரு சொற்களையும் யாருக்கு யாரால் வழங்கியது என்பதை மாணவர் சிந்திப்பாராக.

கல்லறையொன்றிலிருந்து செதுக்குச் சிற்பப் பாறையே பெயர்த்தெடுக்கப்பட்ட செய்தி 1940களிற் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. தொல்பொருட்டிணைக்களம், முழுக் கிராமத்தையும் குன்றிலிருந்து அகற்றத் தீர்மானித்தது. ஏழாயிரம் பேருக்குக் குறைந்த செலவில் வீடு கட்ட வல்லவர் யார் என்று தேடியபோது பத்ஹியின் பெயர் கிடைத்தது. ஆகவே, இத்திட்டம் பிறந்தது குடியானவனின் வீட்டுத் தேவையிலிருந்து அன்று. அவனை அப்புறப்படுத்த வேண்டும் என்ற அரசின் தேவையிலிருந்தே பிறந்தது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டே மேலே செல்லவேண்டும்.

1945 இற் பணி தொடங்கியது. கீழே வயல்வெளியில், பெருநிலக்கிழார் ஒருவரிடமிருந்து வாங்கிய ஐம்பது ஏக்கர் நிலம். பத்ஹி அதில் தம் உள்ளத்தையே கொட்டினார் எனலாம். இராணுவப் பாசறைபோல் நேர்கோட்டில் வீடுகளை நிறுத்தும் வழக்கத்தை அவர் வெறுத்தார். உறவின்முறைக் குடும்பங்கள் ஒரு முற்றத்தைச் சூழ வாழும் வழக்கத்தை ஆராய்ந்து, அத்தகைய முற்றங்களின் தொகுதியாகவே கிராமத்தை வகுத்தார். ஒரு வீடு மற்றொரு வீட்டைப்போல் இருத்தலாகாது என்றார். பள்ளிவாசல், சந்தை, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பாடசாலைகள், திறந்தவெளி நாடக அரங்கு, கைத்தொழில்களைப் பயிற்றுவதற்கான தொழிற்சாலைக் கூடம் யாவும் அவர் வரைபடத்தில் இடம்பெற்றன. கால்வாயில் நீராடும் சிறுவரைப் பற்றும் பில்ஹார்சியா நோயைத் தடுக்க, மண் எடுத்த பள்ளத்தையே தூய நீர்நிலையாக்க எண்ணினார். உயரத்தில் வீசும் காற்றை அறைக்குள் இறக்கும் காற்றுவாங்கிகளை அமைத்தார். நூபிய மேசன்மார் உள்ளூர் இளைஞருக்குத் தம் தொழிலைக் கற்பித்தனர். அறிவிலும் அன்பிலும் எங்கே குறை காண்போம்?

ஆயினும் பணி நகரவில்லை. வைக்கோல் வாங்கக்கூடக் கெய்ரோவின் அனுமதிக்குக் காத்திருக்கவேண்டி இருந்தது. பணம் வரும், நிற்கும். வழக்கமான முறையிற் கட்டியிருப்பின் இலாபங் கண்டிருக்கக்கூடிய ஒப்பந்தகாரருக்கு இக்கிராமத்தில் வேலையே இல்லை. தாங்கள் இன்றியும் ஒரு கிராமம் எழும்பும் என்று காட்டுகின்றவரை அவர்களும் அவர்களைச் சார்ந்த பொறியியலாளரும் விரும்புவரோ? குர்ணா மக்களோ ஒத்துழைக்கவில்லை. ஓரிரவில், புதிய கிராமம் இருந்த தாழ்நிலத்தைச் சூழ்ந்த மண்ணணை வேண்டுமென்றே வெட்டப்பட்டு, வெள்ளம் உள்ளே பாய்ந்தது. 1948 அளவிற் பணி முடங்கியது. திட்டமிட்டதில் ஒரு சிறு பகுதியே எழுந்திருந்தது. அதிலும் நெடுங்காலம் ஆளில்லை.

பத்ஹி இதற்குக் கூறிய காரணம் தெளிவானது. அதிகாரவர்க்கம் தடுத்தது, கல்லறைப் பொருளால் ஆதாயம் பெற்றவர்கள் இடம்பெயர மறுத்தனர். இவ்விரண்டும் உண்மையே. ஆனால் இவை மாத்திரமே உண்மையன்று. குன்றின்மீது வாழ்ந்தவனுக்கு அங்கே ஒரு பிழைப்பு இருந்தது. திருட்டு அவர்களிற் சிலரின் தொழில். உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டல், அகழ்வு வேலையிற் கூலியாள், போலிச் சிற்பம் செதுக்கல் என்பவை பலரின் தொழில்கள். கீழே வந்தால்? வீடு கிடைக்கும், வயல் கிடையாது. சுற்றியிருந்த நிலம் ஏழாயிரம் பேருக்குச் சோறிடப் போதாது என்பதைப் பத்ஹியே கணக்கிட்டிருந்தார்; அதனாலன்றோ நெசவு முதலிய கைத்தொழில்களைப் புகுத்த முயன்றார். ஆனால் நிலப்பங்கீட்டைப்பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் கட்டடக் கலைஞரிடம் இல்லை. பாறூக் மன்னரின் அரசுக்கு அந்த எண்ணமே இல்லை. நிலவுடைமையைத் தொடாது வீட்டை மாத்திரம் திருத்த முற்பட்டமையே இங்கு அடிப்படைத் தவறு என்பது நமது கருத்து.

பின்வந்த விமர்சகர் வேறொன்றையும் சுட்டினர். குவிமாடக் கூரை நூபியருக்கு உரியது. குர்ணாப் பகுதியின் வீடு தட்டைக் கூரையுடையது. அப்பகுதி மக்கள் குவிமாடத்தைக் கண்டதெல்லாம் பெரியோரின் அடக்கத்தலங்களிலேதான். கல்லறைமேல் வாழ்ந்தவரை இறக்கிக் கல்லறை போன்ற வீட்டில் வைப்பதா என்று அவர்கள் எண்ணியிருப்பின் வியப்பில்லை. திமதி மிச்செல் என்னும் அறிஞர் நிபுணர்களின் ஆட்சியைப்பற்றி 2002 இல் வெளியிட்ட நூலில் குர்ணாவை விரிவாக ஆராய்ந்து, குடியானவனைத் திருத்தவேண்டிய பொருளாகக் கண்ட நோக்கையே கண்டித்துள்ளார். வீட்டில் மிகுதியான நேரத்தைக் கழிக்கும் பெண்களின் கருத்தை அறியத் தமக்கு வழியில்லாது போயிற்று என்பதைப் பத்ஹியும் உணர்ந்திருந்தார். நூபியரிடம் மாணவராகச் சென்றவர், குர்ணாவுக்கு அரசின் பிரதிநிதியாகவே செல்ல நேர்ந்தது. ஒரே மனிதர், இரண்டு வாயில்கள்.

1952 இல் முடியாட்சி வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. பண்ணையாருக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. பத்ஹி எந்த அநீதியைக் கண்டு நிலைகுலைந்தாரோ அதன்மீது முதல் அடி விழுந்தது எனலாம். ஆனால் புதிய அரசின் கண்கள் உருக்காலையிலும் பேரணையிலும் இருந்தன. மண் அதற்குப் பிற்போக்கின் சின்னமாகத் தோன்றிற்று. பத்ஹி 1957 இல் நாட்டை விட்டு ஏதென்சுக்குச் சென்று சில ஆண்டுகள் பணியாற்றினார். அதற்கிடையில் அஸ்வான் பேரணையின் வேலை தொடங்கியது. 1963, 1964 ஆம் ஆண்டுகளில் எகிப்திய நூபியர் ஏறக்குறைய ஐம்பதினாயிரம் பேர் தம் ஊர்களை நீருக்குக் கொடுத்துவிட்டுக் கொம் ஒம்போவுக்கு அருகே குடியேற்றப்பட்டனர். அவர்களுக்காக அரசு எழுப்பியவை வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள். 1933 இல் பழைய அணை உயர்த்தப்பட்டபோதும் நூபியர் ஊரிழந்தனர். அப்போது அவர்கள் தம் மேசன்மாரைக் கொண்டு, தம் மண்கல்லைக் கொண்டு, மேட்டுநிலத்தில் தாமே ஊர்களை எழுப்பிக்கொண்டனர். இம்முறை அவர்களுக்கு அவ்வேலையும் தரப்படவில்லை. பேரணையால் நாடு மின்சாரமும் பாசனமும் பெற்றது. அதனைக் குறைத்துக் கூறுவது நமது நோக்கமன்று. வீடு கட்டத் தெரிந்த ஒரு மக்கட் கூட்டத்தை வீட்டுக்குக் காத்திருப்போராக மாற்றியது முற்போக்கு அரசொன்றே என்பதைத்தான் குறிப்பிடுகின்றோம்.

நாடு திரும்பிய பத்ஹி கார்காப் பாலைவனச் சோலையில் புதிய பாரிஸ் என்னும் கிராமத்தை வகுத்தார். 1967 யுத்தத்தோடு அதுவும் நின்றது. 1969 இல் அவர் குர்ணாவின் கதையை நூலாக எழுதினார். எகிப்தியக் கலாசார அமைச்சு அதனை வெளியிட்டது. 1973 இல் சிக்காகோப் பல்கலைக்கழகம் மறுபதிப்புச் செய்த பின்னரே உலகம் அவரை அறிந்தது. 1980 இற் பரிசுகள் வந்தன. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் முஸ்லிம் சமூகமொன்றுக்குப் பள்ளிவாசல் கட்ட நூபிய மேசன்மாரோடு சென்றார். வசதி படைத்தோர் பலர் அவரைக்கொண்டு அழகிய மாளிகைகள் கட்டுவித்தனர். குடியானவன் கூசிய குவிமாடம் கனவான்களின் ஓய்வில்லத்தில் நாகரிகமாயிற்று. 1989 இல் அவர் காலமானார்.

பழைய குர்ணாவின் போராட்டம் அவருக்குப் பின்னும் நீடித்தது. 1998 ஜனவரியில் வீடுகளை இடிக்க வந்தபோது எழுந்த மோதலிற் பொலிசார் சுட்டு நால்வர் மாண்டனர். 2006 இன் இறுதியிலிருந்து இயந்திரங்கள் குன்றேறின. சில ஆண்டுகளுக்குள் கிராமம் தரைமட்டமாயிற்று. மக்கள் வேறோரிடத்தில் அரசு அமைத்த வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர்.

பத்ஹியின் குர்ணாவில் காலப்போக்கில் வேறு குடும்பங்கள் வந்து தங்கின. பேரணைக்குப் பின் ஆண்டு முழுவதும் வயலுக்கு நீர் பாய்ந்தமையால் நிலத்தடி நீர் உயர்ந்து, சுவரடியில் உவர் ஏறி மண்கல்லைத் தின்றது. பள்ளிவாசலையும் அரங்கையும் தொழிற்கூடத்தையும் காப்பாற்ற இந்நூற்றாண்டில் யுனெஸ்கோ முன்வந்தது. வீடுகளிற் பல அதற்குள் மாறிவிட்டன. மகன் மணம் முடித்தால் தந்தையின் வீட்டுக்கு மேலே ஒரு தட்டை எழுப்பிக் குடியேறுவது அங்குள்ள வழக்கம். குவிமாடத்தின்மேல் மற்றொரு தட்டை எழுப்ப இயலாது. ஆகவே அவ்வீட்டார் குவிமாடத்தை இடித்துத் தட்டையான கொங்கிரீற்றுக் கூரை வார்த்து, நான்கு மூலையிலும் அடுத்த மாடிக்கான இரும்புக் கம்பிகளை வானத்தை நோக்கி நீட்டி விட்டிருக்கின்றனர்.